எதிர்காற்றில் வெள்ளோட்டம்

"எந்த வண்டி வாங்கட்டுமுங்க, வாத்தியாரம்மா?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"ஓட்டிப் பாருங்ணா" என்றாள் வினோதினி.

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. திருமூர்த்திக்கு உக்கடத்தில் பம்ப்செட் கடை. ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு சைக்கிள் மிதிக்கக் கிளம்பியவர். வினோதினி மாநில அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவள். ஒரு பந்தயத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு அதை விட்டுவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள ரோடுகளில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பேச்சு குறைவு. கூட்டத்தில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் வாத்தியாரம்மாதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் மேல்தான் காற்று முழுக்க மோதும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வருகிறவர்களுக்குப் பாதிக் காற்றுகூடப் படாது. அதனால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போய்விட்டு, விலகி, வரிசையின் வாலுக்கு வந்துவிட வேண்டும். யாரும் யாரையும் ஏவுவதில்லை. முறை வந்தால் போய்விடுவார்கள்.

திருமூர்த்தியின் முறை வரும்போது மட்டும் செயின் கழன்றுவிடும். இல்லையென்றால் ஷூ லேஸ் அவிழும். அதுவும் இல்லையென்றால் கடையிலிருந்து போன் வரும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்.

"என்ர வண்டி பழசுங்க. கனம் வேற. நான் முன்னால போனா உங்களுக்குத்தான் லேட்டாகும்" என்பார்.

கூட்டம் அவருக்குப் பின்பாட்டு அண்ணன் என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு நாள் அவர் காதில் விழுந்துவிட்டது.

ஓட்டி முடித்து எல்லாரும் பேக்கரியில் டீ குடிக்கும்போது, அவர் கை கழுவப் போயிருந்த நேரம் பார்த்து யாரோ சொல்லிச் சிரித்தார்கள். திருமூர்த்தி கோயில் நோம்பியில் முதல் மரியாதை வாங்குகிற வகையறா. கல்யாணப் பந்தியில் இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஈரக் கையோடு வந்து மேசை முன்னால் நின்றார்.

"ஆடியில பாலக்காடு போறோமில்லீங்க? எட்டிமடை தாண்டினதுல இருந்து வாளையார் வரைக்கும் நானே முன்னால போறேன். ஒருத்தரும் மாத்த வேண்டாம். புது வண்டியில."

எல்லாரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். பிறகு கைதட்டினார்கள். கைதட்டலில் பாதி கேலி என்பது அவருக்கும் தெரிந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதை முதலில் சொன்ன ஆள் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் நின்று பார்த்திருக்க வேண்டும். மலைக்கு நடுவில் அந்த ஒரு சந்துதான். மேற்கிலிருந்து வருகிற காற்று மொத்தமும் அது வழியாகத்தான் கோயம்புத்தூருக்குள் நுழையும். அந்த நாட்களில் கேரள எல்லையில் இருக்கிற வாளையார் பக்கம் சைக்கிள் மிதிப்பது என்றால் அந்தக் காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போவது. தேறினவர்களே அங்கே அடிக்கடி முறை மாற்றிக்கொள்வார்கள்.

வினோதினி கைதட்டவில்லை. "சரிங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

சொன்ன சொல் சொன்னதுதான். இனிச் செயின் கழன்றால் மானம் கப்பலேறும். ஆனால் திருமூர்த்திக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. நல்ல வண்டியாக ஒன்று அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கேள்வி.

மதுக்கரையில் பெனடிக்டின் சைக்கிள் கடை. ஆனி மாதம் பாதி கடந்திருந்தது, காற்று எழ ஆரம்பித்திருந்தது. பெனடிக்ட் மூன்று வண்டிகளை வாசலில் எடுத்து நிறுத்தினார். நீலம், கறுப்பு, சிவப்பு. மூன்றுக்கும் ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனுக்கு டயர். தூக்கிப் பார்த்த திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு லேசு.

"முதல்ல நீலம்" என்றாள் வினோதினி. மேற்கே கை காட்டினாள். "அப்படிக்கா போங்ணா."

டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தார். "மாட்டு வண்டிங்க இது."

"கறுப்பு?"

அதையும் மேற்கேதான் ஓட்டினார். இன்னும் சீக்கிரம் வந்துவிட்டார். "இது எருமை மாட்டு வண்டி."

சிவப்பில் ஏறியதும் அவராகவே கிழக்கே திருப்பினார். "அந்தப் பக்கம் ரோடு சரியில்லீங்க. நான் இப்படிக்கா ஓட்டிப் பாக்கறேன்."

பெனடிக்ட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வினோதினி அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததைத் திருமூர்த்தி ஆயுசுக்கும் மறக்கமாட்டார். மிதிக்கிற மாதிரியே இல்லை. ரோடு வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. முன்னால் போன மொபெட்டை அநாயாசமாகத் தாண்டினார். மொபெட்காரர் திரும்பிப் பார்த்தார், திருமூர்த்தி பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். ஹேண்டில்பாரில் இருந்த வேகமானியில் அவர் வாழ்நாளில் காணாத எண்கள். இரண்டு வருஷமாக இந்தக் காலைத்தானே பழைய வண்டியில் போட்டு வீணடித்தோம் என்று அவருக்கே அவர் மேல் இரக்கம் வந்தது. மலுமிச்சம்பட்டிப் பேக்கரியில்தான் நிறுத்தினார், அதுவும் களைத்துப்போய் அல்ல, சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக.

முதலில் மனைவிக்குப் போன். "சுலோ, வண்டி அமைஞ்சு போச்சு. செவப்பு. பறக்குது!"

"அது பறக்கட்டும். நீங்க அது மேலதான் இருக்கீங்களா?" என்றாள் சுலோசனா.

அடுத்து பெனடிக்டுக்கு. "செவப்பை இனி யாருக்கும் காட்டாதீங்க. எனக்கேதான்."

பிறகு வண்டியோடு ஒரு படம் எடுத்துக் கூட்டத்தின் வாட்ஸப்பில் போட்டார். கீழே 'வாளையாருக்கு ரெடி' என்று எழுதினார். தேங்காய் பன்னும் டீயும் முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பினார்.

திருப்பியதும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள்.

மிதித்தார். வண்டி நகர மறுத்தது. பிரேக் பிடித்திருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார். இல்லை. டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. மறுபடியும் ஏறினார். காதுக்குள் காற்று பேய் மாதிரி ஊளையிட்டது. வாயைத் திறந்தால் மூச்சு உள்ளே போவதற்குப் பதில் காற்று போய் அடைத்துக்கொண்டது. சற்று முன் தாண்டிய இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக, மெதுவாக, அவரைப் பார்ப்பதற்கென்றே வந்தன. கடைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது இறங்கித் தள்ளவே ஆரம்பித்துவிட்டார். வளைவு வந்ததும் ஏறிக்கொண்டார். கடையிலிருந்து பார்த்தால் ஓட்டிக்கொண்டு வருவதாகத்தானே தெரிய வேண்டும்.

"எப்படிங்ணா?" என்று கேட்டாள் வினோதினி.

மூச்சு அடங்கச் சிறிது நேரம் ஆனது. "போகும்போது அருமையா இருந்துச்சுங்க. வரும்போதுதான் வண்டிக்கு என்னமோ ஆயிப்போச்சு. எங்கயோ உரசுது."

பெனடிக்ட் வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது சுற்றியது. சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தானாக நிற்கும் வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போகும்போது ஓட்டினது யாருங்ணா?"

"நான்தானுங்க."

"வரும்போது?"

திருமூர்த்தியின் முகம் சிவந்துவிட்டது. "எதிர்க்காத்து அடிச்சா யாரா இருந்தாலும் அப்படித்தானுங்க இருக்கும்!" என்று கத்தினார்.

"ஆமாங்ணா. யாரா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

அவள் மறுத்துப் பேசியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வாட்ஸப்பில் கூட்டம் கைதட்டுகிற பொம்மைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குக் காத்துன்னா ஆகறதில்லை, அம்முணி" என்றார். வாத்தியாரம்மா என்று சொல்ல மறந்துவிட்டது. "மூஞ்சில அடிச்சா, தோத்துப் போறாப்புலயே இருக்குது. காத்து தெரியாத வண்டியா ஒண்ணு இருந்தா சொல்லு."

வினோதினி எழுந்து சிவப்பு வண்டியை எடுத்தாள். "நீலத்தை எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்ணா."

மேற்கே போனார்கள். அவள் முன்னால், அவர் அவள் பின்சக்கரத்தை ஒட்டி. காலையில் மாட்டு வண்டியாக இருந்தது இப்போது சொன்னபடி கேட்டது. பரவாயில்லையே இந்த நீலமும் என்று நினைத்தார். சுற்றுமுற்றும் பார்க்கக்கூட முடிந்தது. பனைகள் எல்லாம் கிழக்கே தலை சாய்த்திருந்தன.

எந்தச் சைகையும் இல்லாமல் வினோதினி சட்டென்று விலகினாள்.

காற்று அறைந்தது. "ஏனுங்க இப்படி..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். அவள் அவருக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். கண் இரண்டிலும் தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியிருந்தது. உதடு வெளுத்து வெடித்திருந்தது. முறிந்து கூடிய தோள் ஒரு பக்கமாக மேலே ஏறி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திருமூர்த்தி இரண்டு வருஷமாக இந்தக் கூட்டத்தோடு ஓட்டுகிறார். ஒவ்வொருவர் முதுகையும் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார். முன்னால் போனவர் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவர்கள் விலகிப் பின்னுக்கு வந்தபோதெல்லாம் அவர் கண் அடுத்த முதுகைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் மறுபடி முன்னால் போக எத்தனித்தாள்.

"வேண்டாமுங்க" என்றார். "நீங்க பின்னால வாங்க."

போனார். வெகு தூரம் இல்லை. ஒரு பெட்ரோல் பங்கு வரைக்கும்தான். அதற்குள் தொடை எரிந்தது.

"குனியுங்ணா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கையைக் கீழ பிடிங்க."

ஹேண்டில்பார் கொம்பின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தார். காற்று தலைக்கு மேலே போயிற்று. முழுக்கப் போகவில்லை, ஆனால் மூச்சு விட இடம் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் போனார்.

அதற்குப் பிறகு வெயில் ஏறும் வரைக்கும் அவரே கேட்டுக் கேட்டு ஓட்டினார். மூன்று வண்டியையும் மேற்கே மட்டும்தான் ஓட்டினார். சிவப்பின் ஹேண்டில்பார் மிகத் தாழ்வு. குனிந்தால் வயிறு இடித்தது, முதுகு பிடித்தது, கொஞ்ச நேரத்தில் தானாகவே நிமிர்ந்துவிட்டார், நெஞ்சு லாரிப் படுதா மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டது. கறுப்பு கைக்கு எட்டவில்லை. நீலத்தில்தான் குனிந்தவர் குனிந்தபடி இருக்க முடிந்தது.

"நீலம்" என்றார் பெனடிக்டிடம்.

"மாட்டு வண்டின்னீங்களே?"

"மாடு நல்ல மாடுங்க. ஓட்டினவனுக்குத்தான் சூடு பத்தலை."

வீட்டில் நீல வண்டியைப் பார்த்த சுலோசனா கதவைத் திறந்தபடியே நின்றாள். "ஏனுங்க, செவப்புன்னு சொன்னீங்க? அதுக்குள்ள அந்தக் கூடமும் கோணலாயிப் போச்சா?"

"கூடம் சரியாத்தான் இருந்துச்சு சுலோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆடத் தெரியாதவள் பழமொழியை வருஷக்கணக்காக அவர் மேல் எறிந்து வந்தவள், அதற்கு முதன்முறையாக இப்படி ஒரு பதில் வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த நாளிலிருந்து, கடை திறக்கும் முன்பு, திருமூர்த்தி தனியாக மேற்கே போய் வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வாட்ஸப்பில் படம் போடவில்லை. ஒரு புது மோட்டார் ஏஜென்சி எடுத்தாலே பேனர் கட்டுகிற மனுஷன், இதை மட்டும் வாயைத் திறக்காமல் செய்தார். முதலில் பெட்ரோல் பங்கு, பிறகு அதற்கு அடுத்த பாலம், பிறகு அதையும் தாண்டி. ஒரு நாள் பாதியில் திரும்பிவிட்டு, ரோட்டோரமாக நின்று கண் கலங்கினார். அது காற்றால் வந்த தண்ணீர் இல்லை. மறுநாளும் போனார்.

ஆடி ஞாயிறு வந்தது.

எட்டிமடை தாண்டும் வரை மற்றவர்கள் முறை மாற்றி மாற்றிப் போனார்கள். தாண்டியதும் முன்னால் இருந்தவர் விலகினார். வரிசை கொஞ்சம் தயங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணா, செயின் இருக்குதுங்களா?" என்றது. சிரிப்பு கேட்டது.

திருமூர்த்தி வரிசையை விட்டு வெளியே வந்து, எல்லாரையும் கடந்து, முன்னால் போனார். கையைக் கீழே இறக்கினார். குனிந்தார்.

அன்றைய காற்றுக்கு இரக்கம் இல்லை. கேரளத்திலிருந்து வந்த ஒவ்வொரு லாரியும் கடந்தபோது கூடுதலாக ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது, அது கீழே விழாமல் பின்னால் பறந்தது. வேகமானியை அவர் பார்க்கவில்லை. பெனடிக்டிடம் சொல்லி அதைக் கழற்றியே வைத்துவிட்டார்.

பாதி வழியில் அந்தப் பயம் வந்தது. கால் வலிக்கு அவர் பயப்படவில்லை. நம்மால் எல்லாருக்கும் லேட்டாகிறதோ, பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்களோ, இந்த வயதில் வீம்புக்கு நின்று கூட்டத்தையே கட்டி இழுக்கிறோமோ என்றுதான் பயம். விலகிவிடலாம் என்று தோன்றியது. விலகினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இவ்வளவு தூரமே பெரிது என்பார்கள், முதுகில் தட்டிக்கூடக் கொடுப்பார்கள்.

கை லேசாக வண்டியை இடது பக்கம் திருப்பியது.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று. அவருக்குத் தெரியாத சத்தமா? இரண்டு வருஷம் அவர் வண்டியே போட்ட சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் போடுகிற சத்தம். பின்னால் வருகிறவர் மிதிக்கவில்லை. அந்தக் காற்றில், வாளையார் ரோட்டில், ஆடி மாதத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் சும்மா உட்கார்ந்து வந்துகொண்டிருக்கிறார்.

திருமூர்த்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் பரிவட்டம் கட்டியபோதெல்லாம் வராத ஒரு பெருமை அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. மனுஷனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வண்டியை நேராக்கினார். இன்னும் ஒரு விரற்கடை குனிந்தார். முதுகை எவ்வளவு அகலமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அகலமாக வைத்துக்கொண்டார்.

"போதுமுங்ணா, மாத்திக்கலாம்!" என்று யாரோ கத்தினார்கள். செயினைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான். இப்போது அதில் கேலி இல்லை.

அவர் விலகவில்லை.

வாளையார் சோதனைச் சாவடி வந்தது. காலைக் கீழே ஊன்றினார். சாவடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினார். இன்னொருவர் அவர் வண்டியை வாங்கி, சுவரில் பத்திரமாகச் சாய்த்துவைத்தார். பின்பாட்டு என்று பெயர் வைத்தவரே அவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

வரிசையில் அவருக்கு நேர் பின்னால் வந்திருந்தது வினோதினி. அவளும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

மூச்சு அடங்கியும் திருமூர்த்திக்கு ஆசை அடங்கவில்லை. என்ன இருந்தாலும் திருமூர்த்தி திருமூர்த்திதானே. ஒரு வார்த்தையாவது வாத்தியாரம்மா வாயிலிருந்து வர வேண்டும் என்று இருந்தது. நேராகக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது.

"என்ர வண்டி எப்படிங்க ஓடுச்சு?" என்று கேட்டார். "பார்த்தீங்களா?"

"வண்டியைப் பாக்கலைங்ணா."

"பின்ன என்னத்தைப் பார்த்தீங்க?"

"எட்டிமடையில இருந்து இங்க வரைக்கும்" என்றாள் வினோதினி, "எனக்குக் காத்தே அடிக்கலை."